பூஜையில் இருந்த கத்தி

சந்தன வாசனையும் பெட்ரோல் வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தால் எனக்குப் பொம்மையார்பாளையம் கடற்கரைதான் ஞாபகம் வரும். எண்பத்தைந்தோ, எண்பத்தாறோ... ஆயுத பூஜை நாள்.

அறுபது தாண்டித்தான் நான் எழுதப் படிக்கக் கற்றேன். போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுகிறேன். ஒரு வரி முடிந்தால் அப்படி ஒரு சந்தோஷம் நண்பர்களே. ஆனால் எதை எழுத உட்கார்ந்தாலும் ஏழுமலைதான் வந்து நிற்கிறான். இன்று அவனையே எழுதிவிடுகிறேன்.

நான் காணை என்கிற உள்நாட்டு ஊர்க்காரன். நெல்லும் கரும்பும் தெரியும், கடல் தெரியாது. பொம்மையார்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை. தங்க வருபவர்களைக் கடலில் ஒரு சுற்று கூட்டிப்போக முதலாளி ஃபைபர் போட் ஒன்று வாங்கியிருந்தார். ஓட்டுவது அந்த ஊர் ஏழுமலை. என் வயசுதான் அவனுக்கும். சாமான்களுக்கு நான் பொறுப்பு. நங்கூரம், கயிறு, துடுப்பு, கத்தி, ஆறு லைஃப் ஜாக்கெட்.

அன்று காலை எல்லாவற்றையும் கழுவி, சாமி படத்தின் முன்னால் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்தேன். கத்திக்குத் தனியாக ஒரு பூ. போட்டுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தோம்.

பூஜை போட்ட வண்டியை ஒரு சுற்று ஓட்ட வேண்டும். ஆனால் சாமி முன் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாது. எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

மத்தியானம் திண்டிவனத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும் போட்டில் போக ஆசைப்பட்டார்கள். ஏழுமலை இன்ஜினுக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே சொன்னான்.

"கத்தியையாச்சும் எடுத்துக்கினு வாடா. கடலுக்கு இன்னா பூஜை தெரியும்?"

"நாளைக்குத்தான்டா எடுக்கணும். சாமி குத்தம் ஆயிடும்."

"சரிதான். கரும்புக் காட்டுல போட் ஓட்டுனவன் சொன்னா கேட்டுக்கணும்" என்று சிரித்தான்.

அந்த அம்மாதான் ஏறும்போது கேட்டார்கள். "ஏம்பா, மாட்டிக்க ஒண்ணும் தர மாட்டீங்களா?"

"எல்லாம் பூஜையில இருக்குதும்மா. சாமி பாத்துக்கும்."

சொன்னது நான்தான்.

கரை சின்னதாகத் தெரிகிற தூரம் போனோம். யாரோ விட்ட கிழிந்த வலை ஒன்று மிதந்து வந்து இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. இன்ஜின் நின்றது. கத்தி இருந்தால் அறுத்து எறிகிற வேலை. நங்கூரம் இருந்தால் நிற்கலாம், துடுப்பு இருந்தால் திரும்பலாம். காற்று எங்களை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தது.

ஏழுமலை என்னைப் பார்த்தான். சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். விசிறியைப் பிடித்துக்கொண்டு நைலானைப் பல்லால் கடித்தான். அப்போது ஒரு அலை போட்டின் பின்பக்கத்தைத் தூக்கி இறக்கியது. இன்ஜின் அவன் மண்டையில் இடித்தது.

அவன் கை இரண்டு தடவை மேலே வந்தது... வீசுவதற்கு ஒரு கயிறு இல்லை. வேட்டியை அவிழ்த்து வீசினேன். அது எட்டவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது.

கட்டுமரக்காரர்கள் வந்து எங்கள் மூன்று பேரையும் கரை சேர்த்தார்கள். அவனை மறுநாள் காலையில் அலை கொண்டுவந்து போட்டது.

அவன் அம்மா அழாமல் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்கள். "சாமானெல்லாம் எங்கடா இருந்துது?"

அந்தத் தாய் போய்ச் சேர்ந்தும் பல வருஷம் ஆகிவிட்டது.

போன மாதம் பேரன் என்னை அந்தக் கரைக்குக் கூட்டிப்போனான். இப்போது வரிசையாகப் போட்டுகள். ஜாக்கெட் மாட்டாதவரை ஏற்றுவதே இல்லை. ஓட்டுகிற பையன் ஒருவனிடம் கேட்டேன்.

"ஆயுத பூஜைக்கு சாமானெல்லாம் எடுத்து வெச்சிட்டா எப்படிப்பா ஓட்டுவீங்க?"

"அன்னிக்கு எதுக்கு தாத்தா ஓட்டணும்? லீவு வுட்ருவோம்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு ஜாக்கெட் மாட்டப் போய்விட்டான்.

இன்னிக்கு போட் கிடையாது சார், நாளைக்கு வாங்க... இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பது வருஷமாகத் தினமும் அந்த வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.