சிப்பி பொறுக்கப் போன ரயில்

மகளுக்கு ஆறாம் வகுப்பில் புதைபடிவம் பாடம் நடத்தினார்கள். அரியலூர்ப் பக்கம் கல்லாகிப்போன சிப்பி கிடைக்கிறதாம், சின்ன ரயிலில் கூட்டிப் போகிறார்களாம் என்று ஒரு மாதமாக நச்சரிப்பு. தாங்க முடியாமல் போன ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். பெரம்பலூரில் காலை எட்டு மணி பஸ். முப்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், வழியெல்லாம் சிமெண்ட் லாரி. அரியலூரில் இறங்கும்போது தலையெல்லாம் தூசி. அங்கிருந்து ஆட்டோவுக்குப் போக வர ஐந்நூறு ரூபாய். "அது இன்னும் ஓடுதாக்கா?" என்று ஆட்டோக்காரர் என்னையே கேட்டார். அப்போதே திரும்பியிருக்கலாம்.

மூடிப்போன சுண்ணாம்புக்கல் சுரங்கம் அது. கல் அள்ளப் போட்ட தண்டவாளம் ஒன்றரை கிலோமீட்டர் கிடக்கிறது. அதில் ரயில் விடுபவர் ஜபருல்லா பாய், லெப்பைக்குடிகாட்டுக்காரர். துபாயில் சம்பாதித்ததையெல்லாம் இதில்தான் போட்டாராம். டிக்கெட் வாங்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கல்சிப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் வைத்த வழக்கம். அதற்காகவே பள்ளிக்கூட வேன்கள் வரிசை கட்டின, ஆறு பெட்டியும் நிறைந்தது. ஆனால் ஒன்று எடுத்துக்கோ என்றால் நாம் ஒன்றோடு நிற்கிற ஜனமா? பை பையாக அள்ளி, சில வருஷத்திலேயே நிலத்தைத் துடைத்துவிட்டோம். சிப்பி போச்சு, கூட்டமும் போச்சு. இப்போது இரண்டு பெட்டி, ஞாயிறு மட்டும், ஆளுக்கு நாற்பது ரூபாய்.

அன்று நாங்கள் இரண்டு பேர்தான். டீசல் புகையில் கால் மணி நேரம் குலுங்கிப் போய் இறங்கினால் வெறும் பொட்டல். பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு ஒரே எரிச்சல். குனிந்து தேடிக்கொண்டே போன மகள், "அம்மா, கிடைச்சிருச்சு" என்று ஓடி வந்தாள். வாங்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது, கனமே இல்லை, உள்ளே ஒட்டிய மணல். கடற்கரையில் காலில் மிதிபடுமே, அந்தச் சிப்பி.

பாயைப் பார்த்தேன். அவர் இன்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் தள்ளிப் போனதும் மெதுவாகச் சொன்னார்: "நாகூர் போறப்ப அள்ளிட்டு வந்து போடுவேன் தங்கச்சி. சின்னப் புள்ளைங்க வெறுங்கையோட ரயில் ஏறுறதப் பாக்க முடியல."

இந்த மாசத்தோடு நிறுத்தப் போகிறாராம், தண்டவாளத்துக்கு விலை பேசியாயிற்றாம். மகளைக் கூப்பிட்டு, "எத்தனை கோடி வருஷத்துச் சிப்பி பாரு" என்றேன்.

போகிறவர்கள் சீக்கிரம் போய்விடுங்கள். தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே கடை கிடையாது. நாளைக்கு அவள் அதை வகுப்பில் காட்டப் போகிறாள். அவளுடைய டீச்சர் இதைப் படித்தால் ஒரே வேண்டுகோள்: கொஞ்சம் கண்டுக்காம விட்டுடுங்க.