மழையை உதறும் மணல்

மழை பெய்யாததால் புலம்பும் விவசாயிகள் தென் ஆஸ்திரேலியாவில் நிறைய உண்டு. கிளெனிஸ் ஹார்ட்விக் மழை பெய்த பிறகு புலம்பியவள். அவளுடைய மேட்டு வயலின் மணலில் காலங்காலமாக மட்கிய இலைகளின் மெழுகு படிந்திருந்தது. துளிகள் முத்தாக உருண்டு பள்ளத்துக்கு ஓடிவிடும். விரலால் கிளறினால் அடியில் புழுதி பறக்கும். இந்த முறையும் பார்லி முளைக்காவிட்டால் மேட்டை விற்பது என்று முடிவாகியிருந்தது.

களிமண் சேர்ந்தால் மெழுகு படிந்த மணலும் தண்ணீரை உறிஞ்சும் என்று, மணலுக்கு அடியிலிருந்த களிமண்ணைத் தோண்டி வயல் முழுக்கப் பரப்பிக் கலந்தாள். பக்கத்துப் பண்ணைக்காரர் கிளெம் வேலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

"பூட்ஸ்ல ஒட்டுன களிமண்ண ஊரே வாசல்ல தட்டிட்டு உள்ள போகுது. நீ லாரியில ஏத்திட்டு வர்றியே, கிளெனிஸ்."

"உன் பூட்ஸையும் இங்கயே தட்டு, கிளெம். ஒரு கூடை மிச்சமாகும்."

"வயலோரத்துப் புதர்க்காட்டை மட்டும் ஏன் களிமண் போடாம விட்டுட்ட?"

"அங்க அந்த மெழுகுதான் காவல். மேல் மண்ணு தண்ணிய வாங்காது, ஆனா வேர் போன வழியா ஆழத்துக்கு இறங்கிரும். வெயிலுக்கு எட்டாது. அங்க நிக்கிற பாங்க்சியாப் புதரெல்லாம் கோடை முழுக்க அதைத்தான் குடிக்குது."

ஒரே குணத்தை வயலில் எதிரியாகவும் காட்டில் காவலாகவும் பார்க்க அவளுக்குச் சங்கடமே இல்லை.

ஜூன் மழைக்குப் பிறகு கிளெம் வந்தார். மேடு முழுக்கப் பார்லி வரிசை பிசகாமல் முளைத்திருந்தது. ஈர வயலுக்குள் இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு வண்டியில் ஏறப்போனார்.

"பூட்ஸத் தட்டிட்டுப் போ, கிளெம்," என்றாள். "அது என் வயல் மண்ணு."