இரண்டு கிண்ணம் பச்சைப் பசை

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கத்திரி வெயில் காலம். அப்போது நாங்கள் சிட்லபாக்கத்தில் குடியிருந்தோம். நான் வீட்டிலேயே காகிதக் கூழில் கொலுப் பொம்மைகள் செய்து விற்பேன். எங்கள் தெருவில் இருந்த தம்பி ஒருவர் டி.வி.க்குக் குழந்தைகள் தொடர் எடுக்கக் கிளம்பியிருந்தார். கதையில் ஒரு வேற்றுக்கிரகவாசி வருவார். ரப்பரில் முகம் செய்து மாட்ட, கோடம்பாக்கத்தில் கேட்ட தொகையைக் கொடுத்தால் தொடரையே மூட்டை கட்ட வேண்டியதுதான். நேராக என்னிடம் வந்து நின்றார்.

"அக்கா, தசாவதாரமே செட்டு செட்டா செய்றீங்க. ஒரே ஒரு வேற்றுக்கிரகவாசி செஞ்சு குடுக்க மாட்டீங்களா?"

இப்படிக் கேட்டால் எனக்குத் தலைகால் புரியாது. ஒப்புக்கொண்டேன்.

புடைத்த நெற்றியும் கூரான இரண்டு காதுகளும் காகிதக் கூழில் செய்தேன். தோலில் படும் உள்பக்கம் முழுக்க மெல்லிய துணி வைத்துத் தைத்தேன். நெற்றிக்கும் முகத்துக்கும் நடுவில் கோடு தெரியக்கூடாது என்பதற்காக, மைதா பசையில் மெல்லிய காகிதத்தை நனைத்து முகத்திலேயே ஒட்டிவிடுவதாகத் திட்டம்.

பொம்மைக்கான மைதா பசையில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். போஸ்டர் ஒட்டுகிறவர்களும் கலப்பார்கள். அப்போதுதான் பூச்சி, எறும்பு எதுவும் அண்டாது. ஆனால் அது விஷம், கண்ணில் படவே கூடாது. அதனால் நெற்றிக்கும் காதுக்கும் துத்தம் போட்ட பசை, முகத்துக்குத் துத்தம் போடாத பசை என்று தனித்தனியாகக் காய்ச்சினேன். அதுவரை புத்திசாலிதான். பிறகு நிறம் ஒன்றாக இருக்க வேண்டுமே என்று, கேக்குக்குப் போடும் பச்சை நிறத்தை இரண்டிலும் கலக்கி, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் செட்டில் ஒரே மாதிரியான இரண்டு கிண்ணங்களில் ஊற்றி அலமாரியில் வைத்தேன்.

படப்பிடிப்பு ஏரிப் பக்கம் ஒரு வீட்டில். வேற்றுக்கிரகவாசியாக நடிக்க வந்தவர் வங்கியில் வேலை பார்ப்பவர், நாடகப் பைத்தியம், லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். முதல் காட்சியில் அவர் தோட்டத்தில் மயங்கிக் கிடக்க வேண்டும். அதனால் கண்ணை மூடச் சொல்லி, இமை மேலும் காகிதம் ஒட்டினேன். மிச்சப் பசையோடு கிண்ணத்தை வராந்தா தரையில் வைத்துவிட்டு விசிறிக்கொண்டிருந்தேன். நெற்றி, மூக்கு, இமை எல்லாம் ஒரே பச்சையாகப் பிரமாதமாக வந்திருந்தது.

"மேடம், கண்ணோரம் லேசா எரியுது" என்றார் அவர்.

விசிறுவதை நிறுத்தினேன். விடியற்காலையில் கிளம்பும்போது கரண்ட் இல்லை. இருட்டில் அலமாரியில் கைவிட்டு ஒரு கிண்ணத்தை எடுத்து வந்திருந்தேன். எந்தக் கிண்ணம்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பசையை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன். பயத்தில் வாயே கசந்து கிடந்தது, ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டுக்கு ஓடி இன்னொரு கிண்ணத்தைப் பார்த்தாலும் அதுவும் இதே பச்சைதானே.

எல்லோர் முன்னாலும் விஷயத்தைச் சொன்னேன். "என்னக்கா இப்ப வந்து சொல்றீங்க!" என்று தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். யாரோ சொம்பில் தண்ணீரோடு ஓடிவர, நான் குறுக்கே பாய்ந்தேன். "ஊத்தாதீங்க! கரைஞ்சு கண்ணுக்குள்ள போயிடும்!" உரித்தெடுக்கலாம் என்றால் இமைத் தோலும் சேர்ந்து வரும். டாக்டரிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை.

அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினேன். டாக்டர் கேட்டால் காட்டலாம் என்று கிண்ணத்தையும் ஒரு காகிதத்தால் மூடி எடுத்துக்கொண்டேன். ஆட்டோக்காரர் அந்தப் பச்சை முகத்தைப் பார்த்து ஒரு கணம் மிரண்டார். "இன்னாமா இது?" என்றார். கண் விவகாரம் என்றதும் மறுபேச்சில்லை. "குந்துமா, பறந்துடலாம்!"

சேலையூர் பக்கம் வண்டி திரும்பும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "மேடம், பார்வை போயிடுமா?"

அழுத்தமாக "போகாது சார்" என்று சொல்லியிருக்கலாம். "சீக்கிரம் போயிடலாம் சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இந்தக் கையால் இனி பசையைத் தொட மாட்டேன் என்று தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

கேம்ப் ரோட்டில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். திரும்பிப் பார்த்த ஆட்டோக்காரர் கத்தினார். "யம்மா, அந்தக் கிண்ணத்தக் கீழ போடு! கையெல்லாம் எறும்பு ஏறிக்கினு கீது பாரு!"

குனிந்து பார்த்தேன். காகிதத்துக்கு அடியிலிருந்து எறும்புகள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தன. தூக்கிப் பார்த்தால் கிண்ணம் முழுக்க எறும்பு. வராந்தாவிலேயே ஏறியிருக்கின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை, பசையை வளைத்து வளைத்துத் தின்றுகொண்டிருந்தன.

"கடிக்கலையாமா?"

"கடிக்கட்டும்பா!" என்றேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "சார், எறும்பு வந்திருக்கு சார்! துத்தம் போட்டிருந்தா எறும்பு கிட்டயே வராது சார்! வெறும் மைதாதான்!"

அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப என் கழுத்துல ஊர்றதும் அதானா? பயத்துல அப்படித் தோணுதுன்னு நினைச்சுக்கிட்டு வந்தேன்."

ஒரு டீக்கடையில் வெந்நீர் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்து எடுத்தோம். கண் சிவந்திருந்தது, ஆனால் திறந்தது. அழுது வீங்கிய என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்ப நீங்கதான் வேற கிரகம் மாதிரி இருக்கீங்க" என்றார். மனசு கேட்காமல் டாக்டரிடமும் காட்டினோம். வியர்வையும், காய்ந்த பசை தோலை இழுத்ததும்தான் எரிச்சலுக்குக் காரணம் என்றார்.

திரும்பி வந்ததும் தம்பியிடம் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் அந்த வங்கிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எறும்பு வந்த பசைதானே மேடம்? புதுசா காய்ச்சிக் கொண்டாங்க" என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டார்.

தொடர் சில வாரங்கள்தான் ஓடியது, யாருக்கும் நினைவிருக்காது. சர்க்கரை டப்பாவில் எறும்பு வந்தால் இன்றும் எங்கள் வீட்டில் எல்லோரும் கத்துவார்கள். எனக்கு மட்டும் முதலில் நெஞ்சு குளிரும், அடுத்த கணமே இரண்டாம் தடவையும் என்னை நம்பிக் கண்ணை மூடிய அந்த மனிதர் ஞாபகம் வந்து, அந்த நம்பிக்கைக்கு நான் தகுதிதானா என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன்.