குளத்து வாளை

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் கடல் மீன் அடுப்பேறவில்லை. கடல் எங்கள் ஆட்களைக் கொண்டுபோனது, அந்தக் கடலுக்குள் கிடந்த மீனை எப்படித் தின்பது? ஹலால்தான், சாப்பிடலாம் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். தொண்டை கேட்க வேண்டுமே. மற்ற வீடுகளில் மெல்ல மெல்லப் பாரையும் சூரையும் மணக்கத் தொடங்கின. எங்கள் வீட்டில் மட்டும் குளத்து மீன்தான். சேறு நாறினாலும் அது கடலைக் காணாத மீன்.

அந்தக் காலையில் கடற்கரைக்குப் போனவள் எங்கள் மகள். அடக்கம் செய்ய மையித்துகூடக் கிடைக்கவில்லை. அவளுடைய வாப்பா கரைவலைக்காரர். புருஷனை மச்சான் என்றுதான் நாங்கள் கூப்பிடுவது. கடலை விட்டால் வேறு தொழில் தெரியாத என் மச்சான், அதன்பின் அலைச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்தினார்.

கட்டாரிலிருந்து வந்த என் தம்பி ஒரு கம்ப்யூட்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அதில் மீன் பிடிக்கிற விளையாட்டு ஒன்று இருந்தது. மச்சான் அதன் முன்னால் குந்தினால் பகல் போய்விடும். தூண்டில் விழும், நீலத் தண்ணீர் சுழிக்கும், மீன் துள்ளும், பெட்டி தானாகவே கைதட்டும். நீண்ட மீசையும் பரந்த வாயுமாக ஒரு மீன் அபூர்வமாக வரும்.

"இஞ்ச பாரு புள்ள, குளத்து வாளை மாதிரியே இரிக்கி" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஒதவுமா? ஆம்புளையா இருந்தா மெய்யான தண்ணியில போடுங்க தூண்டில!"

அவர் அடுத்த தூண்டிலைப் பெட்டிக்குள் போடுவார். மனிதர் திரும்பத் தண்ணீரில் கைவைக்காமலே போய்விடுவாரோ என்பதுதான் என் பயம்.

நாட்டில் சண்டை முடிந்து, அடைத்துக் கிடந்த பாதைகள் திறந்தன. திருக்கோவில் ஊருக்கு அப்பால், உள்ளே ஒரு குளம். எல்லாக் குளங்களிலும் அருகிப்போன வாளை அங்கே மட்டும் கொழுத்துக் கிடக்கிறது என்றார் மீன் விற்க வருகிறவர். ஏன் அங்கே மட்டும் என்று நான் கேட்கவில்லை. மச்சானை இழுத்துக்கொண்டு போனேன்.

நல்ல வெயில். தோணியில்லை, வலையில்லை, தூண்டில் போட ஓர் ஆளில்லை. குளக்கட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு வயல்காரர் மட்டும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் தயங்கித் தயங்கித் தூண்டிலை எறிந்தார். விழுந்ததுதான் தாமதம், நூல் இறுகியது. காத்துக்கொண்டிருந்த மாதிரி வந்தது வாளை. கை நீளம் இருக்கும். மச்சான் சிரித்தார். எத்தனை வருசத்துக்குப் பிறகு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பாதிய நீங்க எடுங்க அண்ணன்" என்றேன் வயல்காரரிடம், சந்தோசத்தில்.

"வேணாம் தங்கச்சி. நாங்க இந்தக் குளத்து மீன் தின்றயில்ல. சண்டைக்குள்ள ஆக்களக் கொண்டு வந்து இதுக்குள்ளதான் போட்டவங்க. என்ட மகனும் இதுக்குள்ளதான்." மாட்டைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "நாங்க கடல் மீன்தான் வாங்குற. அது சுத்தம்."

இத்தனை காலம் எங்கள் சட்டிக்கு எந்தக் குளத்திலிருந்து மீன் வந்தது என்று நான் கேட்டதே இல்லை. எங்கள் மகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். மச்சான் என் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு குனிந்து, தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல வாளையைத் தண்ணீரில் விட்டார். அது உடனே போகவில்லை. கரையோரம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது.

"ஏன் சொல்ல விடல்ல?" என்று வழியில் கேட்டேன்.

"அந்த மனிசனாவது சோறு தின்னட்டும்."

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டார். நான் ஏசவில்லை. பக்கத்தில் போய் இருந்தேன். நீலத் தண்ணீரில் தூண்டில் விழுந்தது.

"இதுக்குள்ள ஆரும் இல்ல புள்ள" என்றார் மெதுவாக.

ஓம், இல்லைதான். எனக்குத் தெரியும். ஆனாலும் தண்ணீர் சுழிக்கும்போதெல்லாம், அவள் அன்று உடுத்திருந்த மஞ்சள் சட்டையை என் கண் அதற்குள்ளும் தேடியது.