தரையிலிருந்து வழி சொன்னவர்

முப்பத்தொன்பதாவது வயதில் மேஜருக்கு வலது காது போனது. பதினாறு வருடம் ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டியவர். மலை உச்சிக் காவல் நிலைகளுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோவார். திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றிவருவார். மருத்துவக் குழு ஒரே வரியில் முடித்துவிட்டது: இனிப் பறக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து சீருடையோடு கட்டிலில் உட்கார்ந்தார். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"ஒரு காது கேக்காதாம்."

"இத்தனை நாள் ரெண்டும் கேட்டுச்சாக்கும்? நான் சொன்னது எதுவும் கேட்ட மாதிரி தெரியலையே!"

அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அவள் சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, கேட்கிற காதுப் பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ராஜினாமா எழுத இருந்தவரைக் கட்டுப்பாட்டு அறையில் போட்டார்கள். ஒரு மேசை, ஒரு வானொலிக் கருவி. கூடப் பறந்தவர்கள் கிளம்பும்போது ஜன்னல் பக்கமே திரும்ப மாட்டார்.

நாலாவது மாதம் ஒரு மத்தியானம், காயம்பட்ட இரண்டு சிப்பாய்களோடு திரும்பிய ஹெலிகாப்டர் மேகத்தில் சிக்கியது. ஓட்டியவர், முன்பு அவருக்குத் துணை விமானியாக இருந்த கேப்டன்.

"சார், மேலயும் பின்னாடியும் மூடிருச்சு. கீழ ஆறு மட்டும் தெரியுது."

அந்தப் பள்ளத்தாக்கு மேஜருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"ஆத்தை விடாதே. மெதுவா வா. உடைஞ்ச பாலம் ஒண்ணு வரும்."

"வந்துருச்சு சார்."

"இப்ப ஆறு ரெண்டாப் பிரியும். அகலமா இருக்கறதை நம்பாதே, அது முட்டுச்சந்து. நானே ஒருதடவை உள்ள போய் முழிச்சிருக்கேன். வலப்பக்கம் ஒடுக்கமா இருக்கும் பாரு, அதுல நுழை."

கருவியில் இரைச்சல் மட்டும் வந்தது. டீ கொண்டுவந்த சமையற்காரர் வாசலிலேயே தட்டோடு நின்றுவிட்டார்.

"சார்... இறங்குதளம் தெரியுது!"

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. சிப்பாய்கள் இருவரும் பிழைத்தார்கள்.

மறுவாரம் தளபதி கூப்பிட்டனுப்பினார். "உங்க தலைக்குள்ள இருக்கறதையெல்லாம் காகிதத்துல இறக்குங்க."

இரண்டு வருடத்தில் முப்பத்தொரு பள்ளத்தாக்குகளை வரைந்து முடித்தார். அதன் பிறகு பயிற்சிப் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கேதான் கர்னலானார், பிரிகேடியரானார். அவரிடம் தேறாமல் எந்தப் புது விமானியும் மலைப்பக்கம் பறந்ததில்லை.

ஓய்வுபெற்ற நாளில் பாராட்டுரைகள் முடிந்ததும், "ரெண்டு நிமிஷம்" என்று எழுந்து போனார். ஹெலிகாப்டர் கொட்டகையில் மெக்கானிக்குகள், எரிபொருள் நிரப்புகிறவர்கள், தரை கூட்டுகிறவர் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க முடுக்கின போல்ட்டை நம்பித்தான் என் பசங்களை மேல அனுப்பினேன். நல்லா இருங்க."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மனைவியும் கூடவே நடந்தாள். திரும்பியபோது விருந்து ஆறிப்போயிருந்தது. ஆனாலும் இருவரும் இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.