பில்ட் முடியும்வரை யுபிஎஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்தபடியே, தமிழில் தட்டச்சு செய்ய உதவும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றின் பில்டை நான் கவனித்து வந்தேன். பலர் எழுதி அனுப்பும் நிரல்களைச் சேர்த்து, ஓடக்கூடிய மென்பொருளாக்கும் வேலை அது. வீட்டில் கணினி இல்லாததால், பஜாரில் நசீர் பாயின் பிரௌசிங் சென்டருக்குப் போய்ச் செய்வேன்.

அன்று புதிய பதிப்பு வெளியாகாவிட்டால் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக மென்பொருள் குழுவினர் சொல்லியிருந்தார்கள். பில்ட் முடிய வெகுநேரமாகும். நடுவில் கணினி அணைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலையில் ஒருமுறை அப்படி ஆகிவிட்டது. மதியம் மறுபடியும் கரண்ட் போய், யுபிஎஸ் அலறியது. இத்தனை கணினிகளுக்கு அதன் பேட்டரி அவ்வளவு நேரம் தாங்காது என்று நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

பாய் மற்ற கணினிகளையெல்லாம் அணைக்கத் தொடங்கினார்.

"இன்னா பாய், சாட்டிங் பாதில நிக்குது!" என்று ஒருவர் கத்தினார்.

"அந்தப் பொண்ணு எங்கியும் ஓடிடாது நைனா. சாருக்கு பேட்டரி வோணும், எய்ந்திரு." பிறகு என் பக்கம் திரும்பி, "குந்து சார், வேலைய முடிச்சிக்கினு போ" என்றார்.

பதிப்பு வெளியானது. ஆனால் எழுந்து வியர்வையோடு காத்திருந்த மற்றவர்களின் முகங்களைப் பார்த்ததும், எனக்காக இனி யாரும் எழக்கூடாது என்று முடிவுசெய்தேன். பாதியில் நின்ற கோப்பை மட்டும் திரும்பச் செய்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி பில்டை மாற்றி எழுதினேன். சோதிக்க நானே கணினியின் பிளக்கைப் பிடுங்கியபோது பாய் பதறிப்போனார்.

"இன்னா சார், பேஜாரு பண்ற!"

மறுபடி போட்டதும் பில்ட் விட்ட இடத்திலிருந்து ஓடியது. கரண்ட் போகாத ஊரில் இருந்திருந்தால் இதை எழுத எனக்குத் தோன்றியே இருக்காது.