களி உருண்டையோடு ஒகேனக்கலுக்கு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். ஒகேனக்கலுக்குத் தூண்டிலோடு போக நினைப்பவர்களுக்காக இது.

எண்பதுகளில் ஒரு வருடம் மழை பொய்த்துக் கிணறு வற்றியது. மழை திரும்பும்வரை மீன் பிடித்து விற்றுப் பிழைக்க வேண்டும்; இல்லையென்றால் பிள்ளைகளோடு பெங்களூருக்குக் கல் சுமக்கப் போக வேண்டும். எனக்கோ நீச்சல் தெரியாது. இடுப்பளவு தண்ணீரைப் பார்த்தாலே கரைக்குத் திரும்பிவிடுவேன்.

தருமபுரியில் காலை ஆறு மணி பஸ். பென்னாகரம் வழியாக நாற்பத்தாறு கிலோமீட்டர். இறங்கியதும் அருவியின் இரைச்சல் நெஞ்சில் இடித்தது. (திரும்பிப் போக பஸ் எப்போது என்றுதான் முதலில் விசாரித்தேன்.)

என் மனைவியின் தம்பி மாரி அங்கே பரிசல் ஓட்டினான். அருவிக்கு மேலே, ஊட்டமலைப் பக்கம் பாறையில் உட்காரவைத்தான். கால் வழுக்கினால் ஆறு நேராக அருவிக்குத்தான் கொண்டுபோகும்.

“எந்த இரை போடணும்டா?”

“தண்ணி தெனம் மாறுதுங்க மாமா. இன்னிக்கு நான் சொன்னா நாளைக்குப் பொய்யாப் பூடும். நீங்களே போட்டுப் பாருங்க.”

வீட்டிலிருந்து கொண்டுபோன கேழ்வரகுக் களியைத் தூண்டில் முள்ளில் குத்திப் போட்டேன். கரைந்துவிட்டது.

“களி மட்டும் போட்டா எப்படிங்க? கீரக் கடைசலும் ஊத்துங்க!” என்று பரிசலில் இருந்தபடி சிரித்தான்.

கடலைப் புண்ணாக்கு சேர்த்துப் பிசைந்தேன். பொடிமீன் கொத்தித் தின்றது. தலையணைப் பஞ்சைப் பிய்த்துக் கலந்தேன், உருண்டை நின்றது. வேகமான நீரை விட்டு, பாறைக்குப் பின்னால் நீர் சுழலும் இடத்தில் போட்டேன். இதற்கே நாட்கள் ஓடின.

ஒரு மத்தியானம் வெடுக்கென்று இழுத்தது. மாட்டுக் கயிற்றைச் சுற்றுவதுபோலத் தூண்டிலின் நைலான் நரம்பை மணிக்கட்டில் சுற்றி வைத்திருந்தேன். பின்னால் சாய்ந்து இழுக்க இழுக்க, அது சதைக்குள் இறங்கியது. பாசியில் கால் வழுக்கி, தண்ணீர் தொடைவரை வந்துவிட்டது.

“நரம்ப வுடுங்க மாமா!”

எப்படி விடுவது? இறுகிய சுற்று கழலவில்லை. தளர வேண்டுமானால் மீன் இழுக்கும் பக்கமே போக வேண்டும். ஆழத்தைப் பார்த்து ஓர் எட்டு முன்னால் வைத்தேன். நரம்பு தொய்ந்தது. கையை உருவிக்கொண்டு பாறையைக் கட்டிப்பிடித்தேன். தூண்டிலோடு மீன் போய்விட்டது.

மறுநாள் மாரி கொடுத்த வேறு தூண்டிலைத் தொடவே கை வரவில்லை. ஆனாலும் பெங்களூர் நினைவு வந்தது. நரம்பை ஒரு குச்சியில் சுற்றி, விரல் நுனியில் மட்டும் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் முழ நீளக் கெளுத்தி ஒன்று ஏறியது.

மாரி எட்டிப் பார்த்தான். “பெங்களூர் பஸ்ஸ வுட்டுட்டீங்க மாமா.”

போகிறவர்கள் கேளுங்கள்: தண்ணீர் கலங்கிச் சருகு மிதந்து வந்தால் வெள்ளம் வருகிறது; உடனே மேட்டுக்கு ஏறுங்கள். பரிசல்காரர்களைக் கேட்காமல் பாறையில் இறங்காதீர்கள். நரம்பைக் கையில் சுற்றவே சுற்றாதீர்கள். எந்த இரை என்று மட்டும் என்னைக் கேட்க வேண்டாம். என் மணிக்கட்டில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. ஆற்றங்கரைக்குப் போனால் முதலில் அதைத் தடவிப் பார்ப்பேன். பிறகுதான் களியைப் பிசைவேன்.